மதியம் 12 மணிக்கு கச்சேரி, மார்ச்சில் பிளஸ் டூ தேர்வு: இளம் கர்நாடக இசைக் கலைஞர்கள் கல்லூரிக்கு முன் கடக்கும் பாதை எப்படி இருக்கும்?

மார்கழி பிறந்துவிட்டால் சென்னையில் மயிலாப்பூர், தி.நகர், ராயப்பேட்டை பக்கமுள்ள சபாக்கள் காலையிலேயே திறந்துவிடும். மதியம் 12 மணிக்கு உள்ளே போனால், மேடையின் நடுவில் பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று உட்கார்ந்து தம்புராவோடு சுருதி சேர்த்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் வயலின், மறு பக்கம் மிருதங்கம். அவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான்.

கேட்பவர்கள் "அடேங்கப்பா, இந்த வயசுல இப்படியா!" என்று ஆச்சரியப்படுவார்கள். ஆனால், அதே வாரத்தில் அந்தப் பிள்ளைக்கு அரையாண்டுத் தேர்வும் நடந்துகொண்டிருக்கும். அடுத்த சில வாரங்களில் செய்முறைத் தேர்வு, மார்ச் மாதத்தில் பொதுத்தேர்வு. அதற்குப் பிறகு கல்லூரியா, கச்சேரியா என்ற கேள்வி.

சின்ன வயதில் மேடை ஏறுபவர்கள் நிறைய. 25 வயதிலும் அதே மேடையில் இருப்பவர்கள் குறைவு. இடையில் என்ன நடக்கிறது? திறமை மட்டும் போதாதா? விரிவாகப் பார்க்கலாம்.

12 மணி கச்சேரி என்றால் என்ன?

சென்னையில் டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் நாள் வரை நடப்பதுதான் முக்கிய இசைவிழா. 1927-ல் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டையொட்டி இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் மியூசிக் அகாடமி உருவானது. இன்று பல சபாக்கள் ஒரே நேரத்தில் விழா நடத்துகின்றன. இசைக்கான படைப்பாற்றல் நகரம் என்று 2017-ல் யுனெஸ்கோ சென்னையை அறிவித்ததற்கு இந்தப் பாரம்பரியமும் ஒரு காரணம்.

பெரிய சபாக்களில் ஒரு நாளில் மூன்று, நான்கு கச்சேரிகள் இருக்கும். நண்பகல் 12, பிற்பகல் 2, மாலை 4, இரவு 7 மணி என்று ஏறக்குறைய ஒரு படிக்கட்டு மாதிரி. நண்பகல் நேரம் இளையவர்களுக்கு. கொஞ்சம் அனுபவம் வந்தவர்களுக்குப் பிற்பகல். மாலையும் இரவும் முன்னணி வித்வான்களுக்கு.

இரவுக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்க வேண்டும். நண்பகல் கச்சேரிகள் பெரும்பாலும் இலவசம். நேரம் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி வரைதான். அரங்கம் நிரம்பி வழியாது. ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பத்து இருபது பேரில் குரு, மூத்த வித்வான், விமர்சகர், வேறொரு சபாவின் செயலாளர் என யார் வேண்டுமானாலும் இருக்கலாம். அடுத்த ஆண்டு வாய்ப்பு வருமா என்பதை இந்தச் சிலர்தான் பெரும்பாலும் தீர்மானிக்கிறார்கள்.

மேடை ஏற எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்?

சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், ஸ்வரஜதி, வர்ணம், கீர்த்தனை. கர்நாடக சங்கீதத்தில் பாடம் இந்த வரிசையில்தான் போகும். ஐந்து, ஆறு வயதில் தொடங்கும் குழந்தை கீர்த்தனைக்கு வரவே சில ஆண்டுகள் ஆகும்.

அதுவரை குரு சொல்லித் தந்ததைப் பிசகாமல் பாடினால் போதும். கச்சேரிக்கு அது போதாது. ராக ஆலாபனை, நிரவல், கல்பனாஸ்வரம் ஆகிய மூன்றும் மேடையில் அந்த நேரத்தில் கற்பனையில் உருவாக வேண்டியவை. இதைத்தான் மனோதர்மம் என்கிறார்கள். மனப்பாடம் செய்து ஒப்பித்தால், பழகிய ரசிகர்களுக்கு ரெண்டே நிமிஷத்தில் தெரிந்துவிடும்.

ஒன்றரை மணி நேரக் கச்சேரி என்றால் ஒரு வர்ணம், நாலைந்து கீர்த்தனைகள், அதில் ஒன்றை விரிவாகப் பாடி மிருதங்கத்துக்குத் தனி ஆவர்த்தனம், கடைசியில் ஓரிரு துக்கடா, மங்களம். இதற்குள் ஸ்ருதி விலகக் கூடாது, தாளம் தப்பக் கூடாது, பக்கவாத்தியக்காரர் வாசிப்பதையும் காதில் வாங்க வேண்டும். பதினைந்து வயதில் ஒன்றரை மணி நேரம் செல்போனைத் தொடாமல் ஒரே இடத்தில் உட்காருவதே பெரிய விஷயம்தானே!

சின்ன வயதில் மேடை என்பது புதுசா?

இல்லை. எம்.எஸ்.சுப்புலட்சுமியின் முதல் இசைத்தட்டு வெளியானபோது அவருக்கு 10 வயது என்று சொல்லப்படுகிறது. பாலமுரளிகிருஷ்ணா எட்டு வயதில் விஜயவாடாவில் நடந்த தியாகராஜ ஆராதனையில் முழுக் கச்சேரி செய்தார். முரளிகிருஷ்ணா என்ற பெயருக்கு முன்னால் 'பால' சேர்ந்தது அந்தக் காலத்தில்தான். லால்குடி ஜெயராமன் 12 வயதில் பக்கவாத்திய வயலின் கலைஞராக மேடைக்கு வந்தார். புல்லாங்குழல் கலைஞர் சஷாங்க் 12 வயதிலேயே மியூசிக் அகாடமியில், மூத்த வித்வான்களுக்கான நேரத்தில் வாசித்தார்.

மாண்டலின் ஸ்ரீநிவாஸின் கதையை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 1969-ல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். அப்பாவின் மாண்டலினை எடுத்து வாசித்துப் பார்த்த பிள்ளை. குரு சுப்பராஜுவுக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடிக் காட்டுவார், பையன் அதைக் கம்பியில் கொண்டுவருவான். 1978-ல் ஒன்பது வயதில் முதல் கச்சேரி. 1981-ல் சென்னை டிசம்பர் சீசனில் இந்தியன் ஃபைன் ஆர்ட்ஸ் சொசைட்டி மேடை. 1983-ல் பெர்லின் ஜாஸ் விழா. அப்போது வயது 14. கர்நாடக இசைக்குப் பழக்கமே இல்லாத ஒரு வாத்தியத்துக்கு ஒரு சிறுவன் இடம் வாங்கித் தந்தான். 2014-ல் 45 வயதில் அவர் மறைந்தார்.

அவருக்கும் முன்னால் 1933-ல், மயிலாப்பூரில் ஏழு வயதில் மேடையேறியவர் புல்லாங்குழல் மாலி என்கிற டி.ஆர்.மகாலிங்கம். குழலில் வாய்ப்பாட்டின் குழைவைக் கொண்டுவந்தவர் என்று இன்றும் போற்றப்படுகிறார். ஆனால் பின்னாளில் கச்சேரிக்குத் தாமதமாக வருவது, வராமலே போவது, பாதியில் நிறுத்துவது என்று அவரைப் பற்றி எழுதாதவர்கள் குறைவு. பல ஆண்டுகள் மேடையை விட்டே விலகியிருந்தார்.

சின்ன வயதில் கிடைக்கும் புகழ் சிலரைத் தூக்கிவிடும், சிலருக்குச் சுமையாகும். இரண்டுமே இந்தக் கலையின் வரலாற்றில் நடந்திருக்கிறது. மேதைகளின் பட்டியலைப் பார்த்து 'நம்ம பிள்ளையும் இப்படித்தான்' என்று முடிவு கட்டுவதில் உள்ள சிக்கல் இதுதான். பட்டியலில் இடம்பெறாத ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் பாதை வேறு.

குரல் உடையும் வயதில் என்ன ஆகும்?

பாடும் பையன்களுக்குப் பெரிய சோதனை பரீட்சை ஹாலில் வருவதில்லை, தொண்டையில் வருகிறது. ஏறக்குறைய 12 வயதிலிருந்து 15 வயதுக்குள் குரல்வளை வேகமாக வளரும். குரல் நாண்கள் நீளும், தடிக்கும். பேச்சுக் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். நேற்று வரை ஐந்து கட்டையில் கணீரென்று பாடிய பையன் ஒன்று, ஒன்றரை கட்டைக்கு வந்து நிற்பான். இடைப்பட்ட மாதங்களில் மேல் ஷட்ஜத்தில் குரல் நழுவும், பிளவுபடும்.

பெண் குழந்தைகளுக்கும் மாற்றம் உண்டு. ஆனால் இரண்டு, மூன்று ஸ்வரஸ்தானங்கள் அளவுக்குத்தான் இறங்கும். அதனால் வெளியே அவ்வளவாகத் தெரியாது.

இந்தக் காலத்தில் நல்ல குருமார்கள் மேடையைக் குறைப்பார்கள். சுருதியை இறக்கிவைத்து, மந்திர ஸ்தாயியில் மெதுவாகப் பாடவைப்பார்கள். சிலர் வயலின் அல்லது வீணையைக் கூடவே கற்றுத் தருவார்கள். குரல் ஓய்ந்திருக்கும்போதும் ராக ஞானம் வளரட்டும் என்பதுதான் கணக்கு. "ஒத்துக்கிட்ட கச்சேரி, எப்படியாவது பாடிடு" என்று கத்திப் பாடவைத்தால் குரல் நாண்களில் பாதிப்பு வரலாம். குரல் கம்மல் இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்ப்பது அவசியம்.

வாத்தியம் வாசிப்பவர்களுக்கு வேறு பிரச்சினை. வளர வளர வயலினின் அளவை மாற்ற வேண்டும். அரை, முக்கால், முழு அளவு என்று ஒவ்வொரு முறையும் விரல் வைக்கும் இடம் மாறும். புல்லாங்குழலில் சின்ன விரல்களுக்கு எட்டும் உயர்ந்த சுருதிக் குழலில் தொடங்கி, பிறகு நீளமான குழலுக்குப் போக வேண்டும்.

தேர்வும் சீசனும் மோதினால்?

காலண்டரை எடுத்துப் பாருங்கள், சிக்கல் புரியும். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அரையாண்டுத் தேர்வு டிசம்பரில். இசை சீசனும் டிசம்பரில். திருவையாறு தியாகராஜர் ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில். ஜேஇஇ முதல்கட்டத் தேர்வும் ஜனவரியில். செய்முறைத் தேர்வு, பொதுத்தேர்வு எல்லாம் பிப்ரவரி, மார்ச்சில். நீட் மே மாதத்தில்.

ஒரு இளம் கலைஞருக்கு அடுத்த படி எது என்பது 16, 17 வயதில்தான் தெளிவாகும். அந்த இரண்டு ஆண்டுகள்தான் பிளஸ் ஒன், பிளஸ் டூ. "ரெண்டு வருஷம் பாட்டை நிறுத்திட்டு அப்புறம் பார்த்துக்கலாம்" என்று பல வீடுகளில் சொல்கிறார்கள். ஆனால் இரண்டு ஆண்டு சாதகம் நின்றால் கையும் குரலும் பின்வாங்கும். அந்த இடத்தில் சபாவும் வேறொருவரைப் போட்டிருக்கும்.

சில குடும்பங்கள் தேசிய திறந்தநிலைப் பள்ளி வழியாகத் தேர்வு எழுதவைக்கின்றன. சில பள்ளிகள் வருகைப் பதிவில் விட்டுக்கொடுக்கின்றன. கேரளாவில் மாநிலப் பள்ளிக் கலோத்ஸவத்தில் உயர் கிரேடு வாங்கும் மாணவர்களுக்குக் கருணை மதிப்பெண் தருகிறார்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. மேடை கிடைப்பது நல்ல விஷயம். ஆனால் விளையாட்டு வீரர்களுக்கு உள்ள இடஒதுக்கீடு போல, பாடும் மாணவருக்கு உயர்கல்வியில் பரவலான சலுகை இல்லை.

செலவு யாருடையது?

பலரும் வெளியில் பேசத் தயங்கும் பகுதி இது. நண்பகல் கச்சேரியில் இளம் கலைஞருக்குக் கிடைக்கும் சன்மானம் மிகக் குறைவு. பல இடங்களில் எதுவுமே இல்லை. ஆனால் வகுப்புக் கட்டணம், பயணம், உடை, சில நேரங்களில் பக்கவாத்தியக்காரர்களுக்கான தொகை எல்லாம் குடும்பத்தின் பையிலிருந்துதான் போகும். மேடை தருவதற்கே சில அமைப்புகள் நன்கொடை எதிர்பார்க்கின்றன என்ற புகாரும் நெடுநாளாக உண்டு.

இதனால் யார் பாதிக்கப்படுகிறார்கள்? சென்னைக்கு வெளியே இருக்கும் பிள்ளைகள். கும்பகோணத்திலோ நாகர்கோவிலிலோ இருக்கும் ஒரு மாணவி 12 மணி கச்சேரிக்காகச் சென்னைக்கு வந்து, தங்கி, பாடிவிட்டுத் திரும்ப வேண்டும். வெளிநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளைகளும் கிறிஸ்துமஸ் விடுமுறையில் இதே மேடைகளைத் தேடி வருகிறார்கள். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் 1978 முதல் நடக்கும் தியாகராஜ ஆராதனையும் அதன் போட்டிகளும் அங்கே ஒரு தலைமுறையையே வளர்த்திருக்கின்றன. ஆக, மேடைகள் சில. வாசலில் நிற்பவர்கள் பலர். செலவு செய்ய முடிகிறவர்களுக்குக் கொஞ்சம் முன்னுரிமை கிடைத்துவிடுகிறது.

டிவி நிகழ்ச்சிகளில் பங்கேற்கும் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு இருப்பது பலருக்குத் தெரியாது. நாளுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதம் குழந்தையின் பெயரில் வங்கியில் போடப்பட வேண்டும். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2017-ல் திருத்தப்பட்ட விதிகள் இவை.

சபாவுக்கு வெளியே இருக்கும் பிள்ளைகள்

'இளம் கலைஞர்' என்றதும் சபா மேடைதான் நம் நினைவுக்கு வருகிறது. ஆனால் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் அப்பாவோடு, தாத்தாவோடு உட்கார்ந்து தாளம் போட்டபடி தொழிலைக் கற்கும் நாதஸ்வர, தவில் குடும்பத்துப் பிள்ளைகளும் இளம் கலைஞர்கள்தான். இவர்களுக்கு அரங்கேற்ற அழைப்பிதழ் அச்சடிக்கப்படுவதில்லை, பத்திரிகை விமர்சனம் வருவதில்லை. சுவாமி புறப்பாட்டின்போது மணிக்கணக்கில் ஒரே ராகத்தை வாசிப்பதைக் கேட்டு வளர்கிறார்கள். மூச்சுப் பயிற்சியிலும் லயத்திலும் இந்தப் பள்ளிக்கு ஈடு கிடையாது.

ஆனால் முகூர்த்த நாட்களில் பள்ளிக்கு விடுப்பு எடுக்க வேண்டியிருக்கும். வைகாசி, ஆவணி என்று முகூர்த்த மாதங்களில்தான் வருமானம். மற்ற மாதங்களில் குறைவு. படிப்பு பாதியில் நின்றால் பிறகு கோயில் வேலைக்கோ ஆசிரியர் பணிக்கோ தகுதிச் சான்றிதழ் இல்லாமல் தவிக்க நேரும்.

அரசு உதவிகள் என்னென்ன?

மாவட்ட அரசு இசைப் பள்ளி: தமிழ்நாட்டில் கலை பண்பாட்டுத் துறையின் கீழ் 17 பள்ளிகள் இயங்குகின்றன. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என ஏழு பிரிவுகள். மூன்றாண்டுப் படிப்பு. 12 முதல் 25 வயது வரை சேரலாம். நாதஸ்வரம், தவில், தேவாரத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும்.

மத்திய அரசின் கலைத் திறன் உதவித்தொகை: 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கானது. சிசிஆர்டி என்ற அமைப்பு நடத்துகிறது. ஆண்டுக்கு ரூ.3,600, அதோடு குருவுக்குக் கட்டும் கட்டணத்தில் ஆண்டுக்கு ரூ.9,000 வரை திரும்பக் கிடைக்கும் வகையில் திட்டம் வகுக்கப்பட்டது. பாரம்பரியக் கலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பில் தொகையையும் கடைசித் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இளம் கலைஞர் உதவித்தொகை: மத்திய கலாசார அமைச்சகம் தருவது. 18 முதல் 25 வயது வரை. மாதம் ரூ.5,000 வீதம் இரண்டு ஆண்டுகள்.

கலை இளமணி விருது: தமிழ்நாட்டில் மாவட்டக் கலை மன்றங்கள் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு வழங்குவது. மாவட்ட அளவில் கிடைக்கும் முதல் அங்கீகாரம் இது.

இன்னொரு சுவாரசியமான தகவல். சங்கீத நாடக அகாடமி இளம் கலைஞர்களுக்குத் தரும் உஸ்தாத் பிஸ்மில்லா கான் யுவ புரஸ்கார் விருதுக்கு வயது வரம்பு 40! இந்தத் துறையில் 39 வயதுக்காரரும் 'இளைஞர்'தான். பதினாறு வயதில் எல்லாம் முடிந்துவிட வேண்டும் என்ற பதற்றத்துக்குத் தேவையே இல்லை.

கல்லூரியா, கச்சேரியா?

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்பதில்லை. 1985-ல் சென்னையில் இளைஞர்கள் சேர்ந்து கர்நாடக இசைக்காக ஓர் இளைஞர் சங்கம் தொடங்கினார்கள். பெரிய சபாக்களின் அழைப்புக்குக் காத்திருக்காமல் தங்களுக்குத் தாங்களே மேடை அமைத்துக்கொண்டார்கள். அந்த வட்டத்தில் வளர்ந்தவர்களில் சஞ்சய் சுப்ரமண்யன் கணக்காளர் படிப்பை முடித்தவர். எஸ்.சௌம்யா சென்னை ஐஐடியில் வேதியியல் படித்தவர். சஞ்சய்க்கு 2015-லும் சௌம்யாவுக்கு 2019-லும் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. படிப்பு அவர்கள் பாட்டைத் தடுக்கவில்லை.

இசையையே பட்டப்படிப்பாக எடுக்க விரும்பினால் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு அரசு இசைக் கல்லூரிகள், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், சென்னைப் பல்கலைக்கழகம், கலாக்ஷேத்ரா போன்ற இடங்கள் இருக்கின்றன. ஆசிரியர் பணி, ஆராய்ச்சி, வானொலி என்று போக நினைப்பவர்களுக்குப் பட்டம் கைகொடுக்கும். அகில இந்திய வானொலியின் குரல் தேர்வில் தேறி பி, பி-ஹை, ஏ, டாப் என்று கிரேடு ஏறுவதும் ஒரு கலைஞரின் தகுதியைக் காட்டும் முக்கிய அளவுகோல்.

மேடையேறும் முன் பெற்றோர் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. இந்தக் கச்சேரி பிள்ளைக்கு வேண்டுமா, நமக்கு வேண்டுமா?
2. குரு "தயார்" என்று சொன்னாரா, அல்லது நாமே சபாவில் தேதி வாங்கிவிட்டோமா?
3. தேர்வு அட்டவணையோடு மோதினால் எதை விடுவது என்று பிள்ளையோடு முன்கூட்டியே பேசியிருக்கிறோமா?
4. குரல் மாறும் காலத்தில் ஓர் ஆண்டு மேடை இல்லாமல் இருக்க நாம் தயாரா?
5. இந்த ஆண்டுக்கான செலவு எவ்வளவு, அதைக் கடன் வாங்காமல் சமாளிக்க முடியுமா?

ரசிகர்களும் ஒன்று செய்யலாம். இரவு 7 மணி கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்கவில்லை என்றால் வருத்தப்படாமல், மதியம் 12 மணிக்கு ஒரு நாள் போய் உட்காருங்கள். காசு கொடுக்க வேண்டாம். கேண்டீன் கூட்டமும் அந்த நேரத்தில் கொஞ்சம் குறைவாக இருக்கும். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் எழுந்து போகாமல் இருந்தால், அந்த மிருதங்கப் பிள்ளைக்கு அதுவே பெரிய ஊக்கம்.